வாரம் ஒரு ஊசி: டெஸ்மாய்டு கட்டிக்கு மருந்து ஏற்றத் தொடங்குகிறவர்களுக்கு

கீமோ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வீடு கத்திவாக்கத்தில். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை யாருக்காவது பயாப்சி ரிப்போர்ட்டில் டெஸ்மாய்டு என்று எழுதி வந்தால், ‘அந்த சிஸ்டரம்மாவைப் போய்ப் பார்’ என்று யாரோ ஒருவர் அனுப்பிவைக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். கையில் தடித்த ஃபைல், கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதையே இங்கே எண் போட்டு எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதில் விழிப்பாக இருப்பது என்பதை என்னால் சொல்ல முடியும்.

1. கட்டி எதுவென்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

டெஸ்மாய்டு அபூர்வமானது. மேல்நாட்டுக் கணக்கில் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் வருகிறது. அதே கணக்கைப் போட்டால் தமிழ்நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சில நூறு பேர். அதனால் பல மருத்துவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். கொழுப்புக்கட்டி என்றோ, தசைப்பிடிப்பு என்றோ, சிசேரியன் தையலில் நூல் தங்கிவிட்டது என்றோ முதலில் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுச் சுவரில், ஆபரேஷன் தழும்பின் பக்கத்தில் வருவது இதன் பழக்கம். தோள், முதுகு, தொடை, குடலைத் தாங்கும் சவ்வு என்று வேறு இடங்களிலும் வரும்.

இது ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவாது. இருக்கும் இடத்திலேயே சுவரில் முளைத்த அரச மரம் போல வேர்விட்டு, தசையையும் நரம்பையும் பற்றிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு, அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் பீட்டா கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கும். ஸ்லைடை அந்தப் புரதத்துக்கான சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சார்கோமாக்களைப் பார்த்துப் பழகிய பெரிய மையம் ஒன்றில் ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் இன்னொரு முறை காட்டுவது வீண்செலவு இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே குடலில் நிறைய பாலிப் இருந்ததா, குடல் புற்றுநோய் வந்ததா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பெருங்குடல் முழுக்கப் பாலிப் வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களில் டெஸ்மாய்டு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அப்போது குடலையும் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. உடனே வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒரு மூச்சு நிறுத்திக் கேளுங்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் டெஸ்மாய்டு என்றால் அறுவைதான். எடுப்பார்கள், அது அதே தழும்பிலிருந்து திரும்ப வரும். மறுபடி எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தசை போகும், கொஞ்சம் நரம்பு போகும். கட்டி போகாது. இன்று உலக அளவில் இந்த நோயைப் பார்க்கும் நிபுணர்கள் கூடி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ ஆபத்து இல்லாவிட்டால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வரலாம் என்றே சொல்கிறார்கள்.

இப்படிக் கவனித்து வருவதை, உங்களைக் கைவிட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். சொராஃபெனிப் என்ற மாத்திரையைச் சோதித்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. அதில் வெறும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு இருபது பேருக்குக் கட்டி தானாகச் சுருங்கியிருந்தது. ஒன்றும் செய்யாமலே ஐந்தில் ஒருவருக்குக் குறையும் நோயில், முதல் நாளே கத்தி எடுப்பது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியானால் கீமோ எப்போது? எம்.ஆர்.ஐ.யில் தொடர்ந்து வளரும்போது. வலி தூக்கத்தைக் கெடுக்கும்போது. கை தூக்க முடியாமல், கால் மடக்க முடியாமல் போகும்போது. குடலையோ மூச்சையோ நெருக்கும்போது. உங்களுக்கு எழுதியிருப்பது எந்தக் காரணத்துக்காக என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று அளக்க அந்தக் காரணம்தான் உங்களுக்கு அளவுகோல்.

அண்டை வீட்டார் சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடமோ கட்டுப் போடுகிறவரிடமோ போகாதீர்கள். நீவினால் கரையும் பொருள் இல்லை அது. மூட்டு இறுகாமல் இருக்கப் பிசியோதெரபி செய்வது வேறு, அதைச் செய்யுங்கள்.

3. ‘கேன்சர் இல்லை என்கிறார்கள், அப்புறம் ஏன் கீமோ?’

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. செல் பெருகுவதை மெதுவாக்கும் மருந்து எந்தப் பெருக்கத்துக்கும் பயன்படும். டெஸ்மாய்டுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கூட நம் ஊர் மருந்துக் கடைகளில் அன்றாடம் விற்கிற மருந்துதான்.

அளவுதான் முக்கியம். எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமாவுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும்போது உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம் வரை ஏற்றுவோம். மருந்து இறங்கும் வரை மணிக்கணக்குப் பார்த்து, மாற்று மருந்து கொடுத்து, நோயாளியைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வோம். டெஸ்மாய்டுக்கு இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட முறையில் அதே மருந்து சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம். நானூறில் ஒரு பங்கு. கூடவே வின்பிளாஸ்டின் 6 மில்லிகிராம். ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை, சுமார் ஒரு வருடம். அதற்கு முன்பே 1989இல் அமெரிக்காவில் எட்டே எட்டு நோயாளிகளிடம் இந்தக் கூட்டுமருந்தைக் கொடுத்துப் பார்த்த கட்டுரை வந்திருந்தது.

மிலானில் முப்பது பேர். பத்தில் நான்கு பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. மற்றவர்களுக்கு வளராமல் நின்றது. பத்து ஆண்டு கழித்தும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் முன்னேறாமல் இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆய்வு சிறியதுதான். ஆனால் அபூர்வ நோயில் எல்லா ஆய்வும் சிறியதாகத்தான் இருக்கும்.

4. உங்கள் கையில் ஏறும் இரண்டு மருந்தும் நமக்கு அந்நியமானவை இல்லை. அதை அறிந்திருப்பது மனதுக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டின் பின்னால் எல்லாப்பிரகடா சுப்பாராவ் இருக்கிறார். ஆந்திரத்துப் பீமாவரத்தில் 1895இல் பிறந்தவர். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனது என்பது அவர் வரலாற்றில் பதிவான செய்தி. அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்த அவரது குழு, அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை உண்டாக்கியது. அதில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக விலகியதை 1948இல் உலகுக்குக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த வரிசையில் வந்ததே மெத்தோட்ரெக்சேட். ஜி.எச்.சுக்கு ஊசி போடப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தைக் கடக்கும்போது அந்த மனிதரை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. எண்ணூர்க் கடற்கரை மணலிலும் ரயில்வே வேலி ஓரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக்கிடக்கும் அதே ஊதா, வெள்ளைப் பூச்செடி. பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று அதன் இலைச்சாற்றைச் சோதிக்கப் போய், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு கிலோ காய்ந்த இலை வேண்டியிருக்கிறது. தென்மாவட்டங்களில் இதை மருந்துக் கம்பெனிகளுக்காகப் பயிரிட்டும் வருகிறார்கள்.

இதைக் கேட்டவுடன் சிலர் செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைக்கக் கிளம்புகிறார்கள். சர்க்கரைக்கு என்று ஏற்கெனவே பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்களும் நம் தெருவில் உண்டு. கீமோ நடக்கும்போது அதைத் தொடாதீர்கள். செடியில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. எந்த இலையில் எது எவ்வளவு என்று அடுப்பங்கரையில் யாராலும் சொல்ல முடியாது. ஊசியில் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பதன் மேல், அளக்காத ஒன்றைச் சேர்த்தால் வெள்ளை அணு எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியாது.

5. வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு முறைதான்.

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சில மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட்டை ஊசியாக இல்லாமல் மாத்திரையாக வாரம் ஒரு நாள் சாப்பிடச் சொல்வார்கள். நம் வீடுகளில் மாத்திரை என்றால் தினமும் காலை, மாலை என்று பழகிவிட்டோம். மாமியார் தன் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் எடுத்துக் கொடுப்பார். அன்பால்தான். ஆனால் தினமும் சாப்பிட்ட மெத்தோட்ரெக்சேட் சில நாட்களிலேயே வாயை ரணமாக்கி, ரத்த அணுக்களை அடியோடு இறக்கி, உயிரையே எடுத்துவிடும். உலகம் முழுக்க இந்த ஒரு தவறால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலண்டரில் வட்டம் போடுங்கள். டப்பாவின் மேல் அந்தக் கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டும் மெத்தோட்ரெக்சேட்டும் பல கம்பெனிகளில் பார்வைக்கு ஒன்றுபோல் சின்ன மஞ்சள் மாத்திரைகள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஃபோலிக் ஆசிட்டை எந்த நாளில் சாப்பிடுவது என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தவறிப்போய் இரண்டாம் முறை விழுங்கிவிட்டால், உடம்பு ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

வின்பிளாஸ்டினுக்குப் பதிலாக வினோரெல்பின் கேப்சூல் எழுதியிருந்தால் அதை மெல்லவோ பிரிக்கவோ கூடாது. முழுதாக விழுங்குங்கள்.

6. ஊசி ஏறும்போது எரிந்தால் உடனே சொல்லுங்கள்.

வின்பிளாஸ்டின் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். ‘சிஸ்டர் பிசியாக இருக்கிறார், முடியட்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களின் கையைப் பார்த்தவள் நான். எரிச்சல், இறுக்கம், வீக்கம் எது தெரிந்தாலும் குரல் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள், எங்கள் வேலையே அதுதான். இந்த மருந்து கசிந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம்தான் கொடுப்பார்கள். வீட்டில் தெரிந்தால் ஐஸ் வைத்துவிட்டுப் படுக்காமல் வார்டுக்குத் திரும்புங்கள்.

வாரா வாரம் ஊசி என்பதால் நரம்பு கெட்டுப்போகும். முதல் நாள் இரவும் காலையிலும் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள். நரம்பே கிடைக்காதவர்கள் போர்ட் வைத்துக்கொள்வது பற்றிக் கேளுங்கள்.

7. காய்ச்சல் 100.4 தொட்டால் இரவா பகலா என்று பார்க்க வேண்டாம்.

வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். வெள்ளை அணு இறங்கியிருக்கும்போது வரும் காய்ச்சலைப் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டுக் காலை வரை காத்திருப்பது ஆபத்து. இரவு பத்து மணிக்குக் கத்திவாக்கத்திலிருந்து எப்படிப் போவது, யார் வண்டி எடுப்பார், எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு என்பதை நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். 108 இருக்கிறது. வார்டின் போன் எண் சுவரில் ஒட்டியிருக்கட்டும். அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் ‘கீமோ எடுக்கிறேன்’ என்பதே உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லாக இருக்க வேண்டும்.

8. சின்னத் தொல்லைகள்.

மலச்சிக்கல் வரும், அது வின்பிளாஸ்டினால். மூன்று நாள் ஆகும் வரை விடாதீர்கள், முன்பே மருந்து கேளுங்கள். தாடையில் வலி வரலாம், சில நாளில் போகும். வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். சாப்பிட முடியாத அளவு என்றால் அடுத்த ஊசிக்கு முன் காட்டுங்கள். முடி கொஞ்சம் மெலியும், மொட்டையாகப் போவது அபூர்வம். விரல் நுனியில் மதமதப்பு வந்தால் சட்டைப் பட்டன் போட முடிகிறதா, நாணயத்தைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள்.

மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள், நன்றாக வெந்ததாக. வெட்டி வைத்த பழமும் நேற்றைய குழம்பும் வேண்டாம்.

9. மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

டெஸ்மாய்டு வலிக்கும், அதனால் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரை கை தானாகத் தேடும். அவை சிறுநீரகத்தைத் தொட்டால் மெத்தோட்ரெக்சேட் உடம்பிலேயே தங்கிவிடும். எந்த வலிமாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவரிடமே முடிவு செய்யுங்கள். செப்ட்ரான் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த சல்ஃபா மாத்திரை இன்னும் மோசம். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சளி, சிறுநீர் எரிச்சல் என்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே சொல்லுங்கள். மது இந்த ஒரு வருடம் வேண்டாம். ஈரல் ஏற்கெனவே இந்த மருந்தைச் சுமந்துகொண்டிருக்கிறது, ரத்தச் சோதனையில் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்ப்பதும் அதற்காகத்தான்.

10. பிள்ளைப்பேறு பற்றி வெட்கம் பார்க்காமல் பேசுங்கள்.

இந்த நோய் அதிகம் வருவது பிள்ளை பெறும் வயதில். மெத்தோட்ரெக்சேட் கருவைக் குலைக்கும், உருக்குலைக்கும். முதல் ஊசிக்கு முன் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். மருந்து நடக்கும் காலம் முழுக்கவும், நிறுத்திய பிறகு பெண்கள் குறைந்தது ஆறு மாதமும், ஆண்கள் மூன்று மாதமும் கருத்தடையோடு இருக்க வேண்டும். பால் கொடுக்கிறவர்கள் நிறுத்த வேண்டியிருக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் தாய்மார்களின் முகம் எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் ஊசியின் தேதியைக் குறிக்கும் முன்பே இதைப் பேசிவிடச் சொல்கிறேன்.

டெஸ்மாய்டு வந்துவிட்டதால் இனிப் பிள்ளையே கூடாது என்று மாமியார் வீட்டில் யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். கர்ப்பத்தில் கட்டி வளரக்கூடும் என்பது உண்மை, ஆனாலும் கண்காணிப்போடு பிள்ளை பெற்றவர்கள் உலகில் நிறையப் பேர்.

11. ஆறு மாதம் ஆகியும் கரையவில்லையே என்று ஓடிவிடாதீர்கள்.

நான் இத்தனையும் எழுதுவது இந்த ஒன்றுக்காகத்தான். இந்தச் சிகிச்சையைத் தோற்கடிப்பது பெரும்பாலும் பக்கவிளைவு இல்லை. நாலாவது, ஐந்தாவது மாதத்தில் வரும் மனச்சோர்வுதான் தோற்கடிக்கிறது. வாரா வாரம் லீவு, வாரா வாரம் ஊசி, கையால் தொட்டுப் பார்த்தால் கட்டி அப்படியே இருக்கிறது. உறவினர் கேட்கிறார், ‘இன்னுமா?’ அப்போதுதான் ஒருவர் ஆபரேஷனுக்கும், இன்னொருவர் ஊருக்கு வெளியே நாட்டு வைத்தியத்துக்கும் போய்விடுகிறார்.

மெதுவாக ஏறும் மருந்துக்கு மெதுவாகத்தான் பலன். பலருக்கு அளவு குறைவதற்கு முன்பே வலி குறைந்துவிடும். சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்த கட்டி கறுத்து வந்தால், உள்ளே உயிர்ப்புள்ள செல் குறைந்து வெறும் நார் மிஞ்சுகிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்து அழுதவர்களிடம் நான் அந்த இன்னொரு வரியைத் தேடிக் காட்டியிருக்கிறேன். வளராமல் நிற்பதே இந்த நோயில் வெற்றி.

கையால் தினமும் அமுக்கிப் பார்ப்பதை விடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், தலைவாரக் கை எட்டியதா, எத்தனை வலிமாத்திரை என்று நான்கு வரி எழுதுங்கள். எம்.ஆர்.ஐ.யை முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். பழைய சி.டி.யையும் கூட எடுத்துப் போய் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முடிவை அந்த நோட்டையும் படத்தையும் வைத்து எடுங்கள். இரண்டு படங்களில் தொடர்ந்து வளர்ந்து, வலியும் கூடினால், மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அதை நீங்களே தொடங்கலாம்.

12. போக்குவரத்து, வேலை, காகிதம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ ஜி.எச்.சுக்கோ போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி லைன் வண்டி மலிவு. ஆனால் அணு குறைந்திருக்கும் வாரம் காலைக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போகாதீர்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ 2021இலிருந்து ஓடுகிறது, சென்ட்ரல் வரை உட்கார்ந்து போகலாம். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கென்றால் அதே மெட்ரோவில் கிண்டி அல்லது சின்னமலை வரை போய் ஆட்டோ பிடிக்கலாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடனே எடுங்கள். ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு கவுன்டர் இருக்கும். இங்கே சிக்கல் ஒன்று வரும். சீட்டில் ‘புற்றுநோய் அல்ல’ என்று மட்டும் இருந்தால் கோப்பு நகராது. கட்டியின் முழுப் பெயர், பயாப்சி எண், கொடுக்கப்போகும் மருந்துகளின் பெயர், எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காண்ட்ராக்ட்டில் வேலை செய்கிற தம்பிகளே, உங்களுக்கும் ஈ.எஸ்.ஐ. எண் இருக்க வேண்டும். மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். வெயிலில், அடுப்பு முன்னால் நிற்கும் வேலை என்றால் ஊசி போட்ட மறுநாள் மட்டுமாவது மாற்று வேலை கேளுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்து சிறுநீரகத்தில் தேங்கும்.

13. நம் ஊர்க் காற்றால்தான் வந்ததா?

எல்லாரும் கேட்கிறார்கள், கேட்க நியாயமும் இருக்கிறது. சாம்பலில் துணி காயப்போட்டு வளர்ந்தவர்கள் நாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடிய பிறகும் சாம்பல் நம்மை விடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதற்கெல்லாம் நியாயம் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் டெஸ்மாய்டுக்கும் சாம்பலுக்கும் தொடர்பு என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. தெரிந்த காரணங்கள் மரபணு மாற்றம், காயம், அறுவைத் தழும்பு, கர்ப்பம், பாலிப் நோய்க் குடும்பம். இந்த ஊரில் ஏன் குடியிருந்தோம் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

காற்றும் தண்ணீரும் உங்கள் சிகிச்சைக்கு இடைஞ்சல் செய்யும் என்பது வேறு விஷயம். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், அணு குறைந்தவருக்குச் சின்னக் கீறலும் பெரிய விஷயம். மழைக்காலத்துக்கு முன் ஃபைலை பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் பரணில் வையுங்கள். முக்கியமான பக்கங்களைப் போனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு வாரம் ஊசி தவறினால் இரண்டு வாரத்து மருந்தைச் சேர்த்து எடுக்கக் கூடாது. போன் செய்து கேளுங்கள்.

14. வேறு மருந்துகள் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பழைய கூட்டுமருந்தின் மேல் எனக்கு மதிப்பு அதிகம், ஆனால் அதுதான் எல்லாருக்கும் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். பிரான்சில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் பசோபனிப் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் 84 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறவில்லை. மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின் எடுத்தவர்களில் அது 45 சதவீதம். நான் மேலே சொன்ன சொராஃபெனிப்பும் நன்றாக வேலை செய்கிறது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற அந்த மாத்திரையை 8,880 ரூபாய்க்கு விற்க நம் நாட்டின் ஒரு கம்பெனிக்கு 2012 மார்ச்சில் அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. கை கால் தோல் உரிவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் அந்த மாத்திரைகளின் தொல்லைகள். நிரோகசெஸ்டாட் என்ற புது மருந்தை டெஸ்மாய்டுக்கென்றே அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதித்தது. கட்டி சுருங்கியது 41 சதவீதத்தினருக்கு. விலை மிக அதிகம். இளம்பெண்களில் நாலில் மூன்று பேருக்கு அது சினைப்பையின் வேலையைக் குழப்பியது, பெரும்பாலோருக்குப் பிறகு சரியானது.

எது உங்களுக்கு என்பது கட்டியின் இடம், அவசரம், பிள்ளை ஆசை, பையிலிருக்கும் பணம் எல்லாவற்றையும் பொறுத்தது. ‘எனக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் டாக்டர்?’ என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

15. மருந்து முடியும் நாளில்.

மீதமிருக்கும் கட்டியை ‘கடைசியாக ஒரு தரம் எடுத்துவிடுங்கள்’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். பெரும்பாலும் அது நார்தான், புதிய காயம் அதை மறுபடி கிளப்பக்கூடும். சில மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. தொடரும், பிறகு இடைவெளி கூடும், வருடக்கணக்கில் போகும். வலி இல்லை என்பதற்காக அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்ப வளர்ந்தாலும் அதே மருந்து இரண்டாம் முறையும் பலருக்குக் கேட்டிருக்கிறது. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், முதல் முறை எந்த மாதத்தில் வலி குறையத் தொடங்கியது என்று அப்போது உங்கள் மருத்துவர் கேட்பார்.